மூடி வைத்த மடிக்கணினி சூடாகிறது: ஸ்லீப்பா, ஹைபர்நேட்டா, ஷட்டவுனா, புதிய பேட்டரியா?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மேலூர் ஒரு நாள், திருமங்கலம் ஒரு நாள், உசிலம்பட்டி ஒரு நாள் என்று வாரத்தில் நான்கு நாட்களாவது மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போய்வருகிறேன். சென்ற கோடையில் ஒரு வியாழக்கிழமை, ஆரப்பாளையத்தில் ஏறி உட்கார்ந்து, வண்டி செக்கானூரணியைத் தாண்டிய நேரத்தில், அடுப்பிலிருந்து இறக்கிய தூக்குவாளியைத் துணி சுற்றி மடியில் வைத்ததுபோல் பை தொடையைச் சுட்டது. ஜிப்பைத் திறந்து கையை விட்டேன். மூடிய மடிக்கணினியின் விளிம்பிலிருந்து சூடான காற்று விரலில் பட்டது. உள்ளே விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் மூடும்போது 62 சதவீதமாக இருந்த பேட்டரி, உசிலம்பட்டியில் கடைக்குள் அமர்ந்து திறந்தபோது 18 சதவீதத்தில் நின்றது. இடைப்பட்டது ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் ஓர் எழுத்தைக்கூடத் தட்டவில்லை.

என்ன செய்யலாம் என்று விசாரித்ததில் நான்கு பேர் நான்கு வழி சொன்னார்கள். பழுது பார்க்கும் கடையில், பேட்டரி தளர்ந்துவிட்டது, 3,800 ரூபாய்க்குப் புதியது போட்டுவிடலாம் என்றார்கள். முன்பு என்னுடன் வேலை பார்த்த அண்ணன் ஒருவர், உள்ளே தூசி அடைந்திருக்கும், புளோயர் வைத்து ஊதினால் சரியாகிவிடும் என்றார். கல்லூரியில் கணினி படிக்கும் அக்கா மகன், பழைய வகை ஸ்லீப்புக்கு மாற்றித் தருகிறேன் மாமா என்றான். வேலை முடிந்ததும் அணைத்துவிட்டுப் போனால் என்ன என்று அம்மா கேட்டார். இவற்றில் எதுவும் தவறான யோசனை இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு கோளாறுக்கான மருந்து. நமக்கு இருப்பது எந்தக் கோளாறு என்று தெரியாமல் மருந்தைத் தேர்ந்தெடுத்தால் பணமும் போகும், சூடும் அப்படியே இருக்கும். இதே தொல்லையில் இருப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் படித்துப் பார்க்கட்டும் என்றுதான், நான் ஒவ்வொரு வழியையும் சோதித்துக் கண்டதை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன். என் கணினி விண்டோஸ் 11 இயங்குவது. ஆகவே விளக்கங்கள் பெரும்பாலும் விண்டோஸைச் சார்ந்தவை.

முதலில் அளவு

விண்டோஸிலேயே இதற்கான கருவி இருக்கிறது. தனியாக எதையும் பதிவிறக்க வேண்டாம். கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளை ஒட்டித் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்பதைச் சேர்த்து எழுதி என்டர் தட்டினால், ஓர் அறிக்கைக் கோப்பு உருவாகும். அதில் பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள்: தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த டிசைன் கெபாசிட்டி, இன்று முழுதாகச் சார்ஜ் ஏறினால் கிடைக்கும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி. என்னுடையதில் முதல் எண் 41,000 மில்லிவாட்-மணி, இரண்டாவது 33,200. அதாவது 81 சதவீதம். மூன்றரை ஆண்டுகள் உழைத்த பேட்டரிக்கு இது நல்ல நிலைதான். கடையில் சொன்ன 'தளர்ந்துவிட்டது' என்ற முடிவை இந்த ஓர் எண்ணே சந்தேகத்துக்கு உள்ளாக்கியது.

அடுத்து ஓர் இரவுச் சோதனை. இரவு 11 மணிக்கு 100 சதவீதத்தில் சார்ஜரைக் கழற்றி, மூடி, மேசைமேல் வைத்தேன். காலை 6 மணிக்குத் திறந்தபோது 71. ஏழு மணி நேரத்தில் 29 சதவீதம். 33.2 வாட்-மணியில் 29 சதவீதம் என்பது 9.6 வாட்-மணி, ஏழால் வகுத்தால் சுமார் 1.4 வாட். ஒழுங்காகத் தூங்கும் மடிக்கணினி ஒரு மணி நேரத்துக்கு ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் செலவழிக்க வேண்டும். இது நான்கு சதவீதத்தைத் தாண்டுகிறது. இதே கணக்கைப் பேருந்துப் பயணத்துக்குப் போட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. அங்கே ஒன்றரை மணி நேரத்தில் போனது 44 சதவீதம், அதாவது 14.6 வாட்-மணி, சராசரியாக ஏறத்தாழ 10 வாட். எக்செலையும் டேலியையும் திறந்துவைத்து நான் வேலை பார்க்கும்போது ஆகும் செலவு அது. ஆக, என் கணினிக்கு இருந்தவை இரண்டு தனித்தனி நோய்கள். மேசைமேல் இருக்கும்போது குழாய் கசிகிறது. பைக்குள் இருக்கும்போது யாரோ குழாயையே திறந்துவிடுகிறார்கள். சூடு இரண்டாவதால் வருவது, முதலாவதால் அல்ல. மேசைமேல் கழிந்த அந்த இரவில் கணினி சுடவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஸ்லீப் என்ற ஒரே பெயரில் இரண்டு ஏற்பாடுகள்

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1996இல் வெளிவந்த ஏசிபிஐ என்ற தர வரையறையின்படி, கணினியின் தூக்கத்துக்குப் படிகள் உண்டு. பல ஆண்டுகளாக நாம் ஸ்லீப் என்று பழகியது அதில் எஸ்3 என்ற படியை. அந்த நிலையில் செயலிக்கு மின்சாரமே போகாது. நினைவகம் மட்டும் தன்னிடம் உள்ளதை மறக்காமல் இருக்கத் துளி மின்சாரம் வாங்கிக்கொள்ளும். செயலி அணைந்து கிடப்பதால் வெப்பம் வர வழியில்லை, விசிறியும் ஓடாது. பத்து ஆண்டுகளுக்கு முந்தைய மடிக்கணினியைப் பையில் போட்டு ராமேசுவரம் வரை போய்வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாமல் இருந்ததற்குக் காரணம் இதுவே.

2012இல் விண்டோஸ் 8உடன் கனெக்டட் ஸ்டான்ட்பை என்ற ஏற்பாடு வந்தது. 2015இல் விண்டோஸ் 10உடன் அது மாடர்ன் ஸ்டான்ட்பை என்று விரிந்தது. கைப்பேசி எப்படித் திரை அணைந்த பிறகும் செய்திகளைப் பெற்றுக்கொண்டே இருக்கிறதோ, அப்படி மடிக்கணினியும் இருக்க வேண்டும் என்பது நோக்கம். இதில் கணினி அணைவதில்லை. திரை அணைந்து, எல்லாப் பாகங்களும் ஓசையில்லாமல் ஒதுங்கி உட்காரும். எல்லாப் பாகங்களும் அப்படி ஒதுங்கினால் செலவு மிகக் குறைவு. திறந்ததும் நொடியில் திரை வரும். ஆனால் வைஃபை அட்டையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளோ, ஒரு யூஎஸ்பி கருவியோ, பின்னணியில் இறங்கும் அப்டேட்டோ ஒதுங்க மறுத்தால், செயலி ஆழ்ந்த நிலைக்குப் போகாமல் விழித்தே இருக்கும். கைப்பேசியின் செயலி விழித்தால் ஓரிரண்டு வாட்டோடு போகும். மடிக்கணினியின் செயலி விழித்து வேகம் எடுத்தால், காற்றுப் போக வழியில்லாத பைக்குள் அந்த வெப்பம் அத்தனையும் தேங்கும். ஆப்பிள் நிறுவனம் தன் மேக்புக்குகளைப் பயன்படுத்த ஏற்ற வெப்பநிலையாகச் சொல்வது 10 முதல் 35 டிகிரி வரை. சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், பேருந்தின் சன்னலோரம் வைத்த பை ஏற்கெனவே அந்த எல்லையைக் கடந்திருக்கும். அதற்கு மேல் உள்ளிருந்து 10 வாட் சூடு சேர்ந்தால் பேட்டரியின் ஆயுள் குறையாமல் என்ன செய்யும்? லித்தியம் அயான் மின்கலத்துக்கு வெப்பத்தைப் போல் பகை வேறில்லை.

உங்கள் கணினியில் எந்த வகை ஸ்லீப் இருக்கிறது என்று அறிய, முன்பு தட்டிய அதே கட்டளையில் சாய்கோட்டுக்குப் பின் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை மட்டும் போடுங்கள். ஸ்டான்ட்பை எஸ்0 லோ பவர் ஐடில் கிடைக்கிறது என்று வந்தால் உங்களுடையது மாடர்ன் ஸ்டான்ட்பை. எஸ்3 கிடைக்கிறது என்று வந்தால் பழைய வகை. அப்படியானால் பைக்குள் சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஏதோ ஒன்று அதை முழுதாக எழுப்பிவிடுவதுதான், எழுப்புவதைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது.

ஸ்லீப்பையே சீராக்குவது

காசு செலவில்லாத வழி என்பதால் இதை முதலில் செய்து பார்த்தேன். மாடர்ன் ஸ்டான்ட்பை உள்ள கணினியில், அதே கட்டளையோடு 'ஸ்லீப்ஸ்டடி' என்று சேர்த்தால், கடந்த சில நாட்களில் ஒவ்வொரு முறை தூங்கியபோதும் எவ்வளவு நேரம் உண்மையாகவே ஆழ்ந்த நிலையில் இருந்தது, எந்தப் பாகம் அதை விழிக்க வைத்தது என்ற அறிக்கை கிடைக்கும். என் இரவுச் சோதனையில் ஆழ்ந்த நிலை 38 சதவீத நேரம் மட்டுமே. முதல் குற்றவாளியாக நின்றது வைஃபை அட்டை. மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரையும், கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸையும் புதுப்பித்தேன். மேம்பட்ட பவர் ஆப்ஷன்ஸில், குறித்த நேரத்தில் கணினியை எழுப்பும் வேக் டைமர்களை நிறுத்தினேன். ஸ்டான்ட்பை நேரத்தில் நெட்வொர்க் இணைப்பு வேண்டாம் என்ற தேர்வு சில கணினிகளில் அதே இடத்தில் இருக்கும். என்னுடையதில் இருந்தது, அதையும் அணைத்தேன். வயரில்லா மவுஸின் குட்டி ரிசீவரைக் கழற்றாமல் பையில் போடும் பழக்கம் எனக்கு இருந்தது. பைக்குள் மவுஸ் ஓர் அசைவு அசைந்தால் கணினி விழிக்கும் என்பது அதுவரை தோன்றவே இல்லை.

இன்னொரு பழக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கும் அது உண்டு. காலையில் கிளம்பும் அவசரத்தில், சார்ஜர் செருகியிருக்கும்போதே மூடியை மூடிவிட்டு, பிறகு சார்ஜரைப் பிடுங்கிப் பையில் திணிக்கிறோம். சார்ஜர் இருக்கும்போது தூங்கப்போன கணினி, மின்சாரம் தாராளமாக இருக்கிறது என்று கருதி அப்டேட், பராமரிப்பு வேலைகளைப் பின்னணியில் தொடங்கும். சார்ஜரைப் பிடுங்கியதும் அவற்றை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பல கணினிகளில் அது நிற்பதில்லை. அந்த வியாழக்கிழமை நடந்தது அதுதான் என்பது அறிக்கையின் நேரக் கணக்கிலிருந்து தெரிந்தது. சார்ஜரை முதலில் பிடுங்கி, அரை நிமிடம் கழித்து மூடுவது என்று வரிசையை மாற்றினேன்.

இத்தனையும் செய்தபின் இரவு இழப்பு 29 சதவீதத்திலிருந்து 9க்கு இறங்கியது. கசிவு ஏறக்குறைய நின்றது என்றே சொல்லலாம். வீட்டு மேசையை விட்டு நகராத கணினிக்கு இது போதும். வேறெதுவும் செய்யத் தேவையில்லை. பையில் போகும் கணினிக்கு இதைப் போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த இரண்டு வாரங்களில் ஒரே ஒரு நாள், மேலூர் போகும் வழியில், மறுபடியும் பை சூடானது. பத்து முறை சரியாகத் தூங்கி, பதினோராவது முறை விழித்தால், அந்த ஒரு முறை பேட்டரிக்குச் செய்யும் கெடுதல் மற்றப் பத்து நாள் நன்மையால் ஈடாகாது.

பழைய எஸ்3க்குத் திரும்புவது

அக்கா மகன் சொன்ன வழி இது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து மாடர்ன் ஸ்டான்ட்பையை முடக்கிவிட்டால், கணினி எஸ்3 வகையில் தூங்கும். கணினியின் ஃபர்ம்வேர், அதாவது பயாஸ் போன்ற உள்ளமைந்த மென்பொருள், எஸ்3ஐ ஏற்றுக்கொண்டால் இது அருமையான தீர்வுதான். லெனோவோவின் பல திங்க்பேட்களில் பயாஸுக்குள்ளேயே தூக்க வகையை மாற்றும் தேர்வு கொடுத்திருக்கிறார்கள்; அது உள்ளவர்கள் ரெஜிஸ்ட்ரியைத் தொடாமல் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். உபுண்டு போன்ற லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கும் வழி உண்டு: சிஸ் அடைவுக்குள் பவர் அடைவில் இருக்கும் மெம்ஸ்லீப் கோப்பில் 'டீப்' என்ற சொல் தென்பட்டால் அவர்களுடைய கணினி எஸ்3க்குத் தயார்.

ஆனால் அண்மைக் கால மடிக்கணினிகள் பலவற்றில் தயாரிப்பாளர்களே எஸ்3ஐ எடுத்துவிட்டார்கள். முன்பு சொன்ன 'ஏ' கட்டளையின் விடையில், எஸ்3க்கு நேராக, சிஸ்டம் ஃபர்ம்வேர் இந்த நிலையை ஆதரிக்கவில்லை என்று வந்தால் அந்த வழியை விட்டுவிடுங்கள். மீறி ரெஜிஸ்ட்ரியை மாற்றினால் ஸ்லீப் என்ற தேர்வே மெனுவிலிருந்து மறைந்துபோகும், அல்லது தூங்கிய கணினி கருந்திரையோடு எழ மறுக்கும். என்னுடையது ஆதரிக்காத வகை. மாற்றக் கை துறுதுறுத்தவனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்தில் எழாத கணினியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தூசி தட்டுவது

தூசியும் சூட்டுக்குக் காரணம்தான், ஆனால் வேறொரு சூட்டுக்கு. வேலை செய்யும்போது கணினி கொதித்தால், விசிறி ஓயாமல் இரைந்தால், பத்து நிமிடம் ஓடியதும் வேகம் குறைந்தால், அது தூசியின் வேலை அல்லது செயலியின்மேல் பூசிய வெப்பப் பசை காய்ந்துபோனதன் அறிகுறி. செல்லூரில் துண்டு நெய்து விற்கும் ஒருவருக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். அவருடைய மடிக்கணினியைத் தறிக்குப் பக்கத்து அறையில் திறந்து வைத்தே வேலை செய்வார்கள். சென்ற ஆண்டு அதன் அடிமூடியைக் கழற்றியபோது, விசிறிக்கும் தாமிரத் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு படிந்து, அழுத்தி வைத்த கம்பளித் துண்டுபோல் ஒரே தாளாக உரிந்து வந்தது. அதை எடுத்ததும் கணினி ஆளே மாறியதுபோல் ஓடியது. ஊதிச் சுத்தம் செய்யும்போது விசிறியின் இறக்கையை விரலாலோ பல்குத்தும் குச்சியாலோ பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் கெடும்.

அந்த வேலையை எதற்கும் செய்து வைப்பது நல்லது. ஆனால் மூடி வைத்த கணினி சூடாவதற்கு அது மருந்தல்ல. விழித்திருக்கக் கூடாத செயலி விழித்திருக்கிறது. அதன் சூட்டை வெளியேற்றும் பாதையைத் துடைத்து வைத்தாலும், வெளியேற்றிய காற்று பைக்குள்தானே சுற்றும்.

புதிய பேட்டரி

கடையில் சொன்ன தீர்வுக்கு வருகிறேன். புதிய பேட்டரி போட்டால் என் 33.2 வாட்-மணி 41 ஆகும். 1.4 வாட் கசிவு இருந்த நாட்களில் பழைய பேட்டரி தூக்கத்திலேயே சுமார் 24 மணி நேரத்தில் தீர்ந்திருக்கும். புதியது 29 மணி நேரம் தாங்கியிருக்கும். 3,800 ரூபாய்க்கு ஐந்து மணி நேரக் கசிவை வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். பைக்குள் 10 வாட் எரியும்போதோ, வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. அதோடு, அந்தச் சூட்டில் புதிய பேட்டரியும் பழையதைப் போலவே வாடியிருக்கும். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. மேசைமேல் வைத்த கணினியைத் திறந்து பார்ப்பவருக்கு அது பைக்குள் என்ன செய்கிறது என்று தெரிய வாய்ப்பில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

பேட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டிய நேரங்களும் உண்டு. அறிக்கையில் இரண்டாவது எண் முதல் எண்ணில் 60 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தால், அல்லது 30 சதவீதம் இருக்கும்போதே கணினி பொசுக்கென்று அணைந்தால், மாற்றும் காலம் வந்துவிட்டது என்பது என் கருத்து. டச்பேட் மேலே எழும்பி நின்றாலோ, மூடி சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டாலோ, எந்தக் கணக்கும் பார்க்க வேண்டாம்: பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்துங்கள், பையில் போட்டுப் பேருந்தில் கொண்டுபோகாதீர்கள், வீட்டில் குத்தி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுத்து எடுத்துவிடுங்கள். இந்த ஓர் அறிகுறி மட்டும் மேலே சொன்ன எல்லா ஒப்பீட்டுக்கும் முன்னால் நிற்பது. புதியது வாங்கும்போது, பழைய பேட்டரியின் முதுகில் அச்சிட்டிருக்கும் பாக எண்ணும் வோல்ட் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஷட்டவுன்

அம்மா சொன்ன வழி எல்லாவற்றையும்விட எளியது. பாதுகாப்பில் குறையும் இல்லை. ஒரே ஒரு நுணுக்கம்: விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இயல்பாக இயங்கிக்கொண்டிருக்கும், அதனால் ஷட்டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் மையப் பகுதி வட்டில் எழுதி வைக்கப்பட்டு, அடுத்த முறை அதிலிருந்தே தொடரும். மின்சாரச் செலவு இதனால் வராது. ஆனால் டிரைவர் ஏதாவது தடுமாறிக்கொண்டிருந்தால், அந்தத் தடுமாற்றமும் மறுநாள் கூடவே எழுந்து வரும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் முழுமையாக அணையும், ரீஸ்டார்ட்டும் முழுமையானதே. அணைத்த பிறகும் பேட்டரி கணிசமாக இறங்கினால், அணைந்த நிலையிலும் யூஎஸ்பி துளை வழியே கைப்பேசிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஏற்பாடு பயாஸில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரவில் நான் ஷட்டவுன்தான் செய்கிறேன். பகலில் அது ஒத்துவரவில்லை. ஒரு கடையில் பில்களைப் பாதி ஏற்றி, வங்கிக் கணக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முதலாளி வெளியே கிளம்புவார். மீதியை அடுத்த ஊரில் உட்கார்ந்து முடிக்க வேண்டும். திறந்திருக்கும் எட்டுச் சாளரங்களையும் மூடிவிட்டு மறுபடி திறப்பதில் போகும் நேரத்தைவிட, எந்த பில் வரை வந்தோம் என்ற நூல் அறுந்துபோவதுதான் பெரிய இழப்பு.

ஹைபர்நேட்

ஆகவே நான் வந்து நின்ற இடம் ஹைபர்நேட். நினைவகத்தில் இருப்பதை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டு, கணினி முழுதாக அணைந்துவிடுகிறது. திறந்தால் எட்டுச் சாளரங்களும் விட்ட இடத்தில் இருக்கும். அணைந்து கிடந்த நேரத்தில் விழிப்பதற்கு உள்ளே எதுவும் இல்லை. இரவுச் சோதனையை இதிலும் செய்தேன்: 11 மணிக்கு 84, காலை 6 மணிக்கு 84.

மெனுவில் ஹைபர்நேட் தெரியவில்லை என்றால், அதே கட்டளையில் சாய்கோட்டுக்குப் பின் 'ஹெச்' என்ற எழுத்தும், இடைவெளி விட்டு 'ஆன்' என்ற சொல்லும் தட்ட வேண்டும். பிறகு கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள், மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்று கேட்கும் பக்கத்துக்குப் போனால், பேட்டரியில் இருக்கும்போது ஒன்றும் சார்ஜரில் இருக்கும்போது ஒன்றுமாக இரண்டு தேர்வுகள் இருக்கும். என்னுடையதில் முதலாவதை ஹைபர்நேட் என்றும் இரண்டாவதை ஸ்லீப் என்றும் வைத்திருக்கிறேன். வீட்டில் காபி குடிக்க எழுந்துபோய் வந்தால் நொடியில் திரை வருகிறது. ஊருக்குக் கிளம்பினால் கணினி முழுதாக அணைகிறது. சார்ஜரை முதலில் பிடுங்கும் வரிசை இங்கே இன்னும் முக்கியம். மறந்து, செருகியபடி மூடிவிட்டால் கணினி ஸ்லீப்புக்குத்தான் போகும். அந்த மறதிக்குக் காப்பாக, மேம்பட்ட அமைப்பில் 'ஹைபர்நேட் ஆஃப்டர்' என்ற இடத்தில் பேட்டரிக்கு 15 நிமிடம் என்று கொடுத்திருக்கிறேன்.

இதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். திறந்தால் வேலைக்கு வர என் கணினிக்கு இருபது நொடிகள் ஆகின்றன. நினைவகத்தில் ஏறத்தாழ 40 சதவீத அளவுக்கு வட்டில் இடம் போகிறது. 8 ஜிபி நினைவகத்துக்கு 3.2 ஜிபி. டேலியின் தரவு வேறொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியே வருவதாக இருந்தால், எழும்போது அந்த இணைப்பு அறுந்திருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் நிறுவனக் கணக்கை மூடிவிட்டே ஹைபர்நேட் செய்கிறேன். அடிக்கடி எழுதினால், சுழலும் பாகம் இல்லாத வட்டான எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று ஒரு பயமும் உலவுகிறது. என் 512 ஜிபி வட்டுக்குக் குறித்திருக்கும் எழுதும் அளவு 300 டெராபைட். நாளுக்கு ஆறு முறை, முறைக்கு 3 ஜிபி என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஆறரை டெராபைட்தான் ஆகிறது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஓடும். அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

ஒப்பிட்டுப் பார்த்தால், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களில்தான் இந்த மாற்றத்தின் பயன் எனக்கு முழுதாகத் தெரிகிறது. திருமங்கலத்தில் அப்படி ஒரு நாள், சார்ஜர் செருக வழியில்லாத கடையில், வீட்டில் மூடியபோது இருந்த 91 சதவீதத்தோடு அப்படியே திறந்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஜிஎஸ்டி வேலையை முடித்தேன். பழைய முறையில் போயிருந்தால் பாதியில் கும்பிடு போட்டுத் திரும்பியிருப்பேன்.

எஸ்எஸ்டி இல்லாமல் சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அதில் ஹைபர்நேட் எழுதி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே பையில் போட்டுத் தோளில் மாட்டினால், சுழலும் தட்டின்மேல் முள் இடித்துத் தரவே போய்விடக்கூடும். எஸ்எஸ்டி உள்ளவர்களும் மூடிய கையோடு ஜிப்பை இழுக்க வேண்டாம். விளிம்பில் இருக்கும் சிறு விளக்கு அணைகிறதா என்று பாருங்கள், விசிறியின் ஓசை அடங்கியதா என்று காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். ஆரப்பாளையத்துக்கு ஓடும் அவசரத்திலும் நான் அந்தப் பத்து நொடிகள் நின்று பார்த்துவிட்டுத்தான் பையை மூடுகிறேன்.